விளக்கு வைக்கும் நேரம் எது?

டிசம்பர் கடைசி வாரத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துச் சான்ட்ரிங்ஹாமில் மாலை ஆறு மணிக்கு அடிக்கிற வெயில், ஊரில் நாலு மணிக்கு அடிக்கிற வெயில். கொல்லையில் பிள்ளைகள் இன்னும் தண்ணீர்க் குழாயோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மெஷின் ஓடும், தெருக்கோடி வரை பார்பக்யூ புகை பரவும். ஆனால் ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருக்கும் பாட்டிக்கு ஆறு மணி என்றால் விளக்கு வைக்கிற நேரம். சூரியன் மறையப் போவதோ எட்டு நாற்பதுக்கு. விளக்கை எப்போது ஏற்றுவது? ஏற்றியபின் நகம் வெட்டக் கூடாது, தலை வாரக் கூடாது, வீடு கூட்டக் கூடாது, அண்டை வீட்டுக்கு உப்புக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அது ஆறு மணிக்கு அமலுக்கு வருமா, எட்டே முக்காலுக்கா? நடுவில் இருக்கும் இரண்டே முக்கால் மணி நேரம் பகலில் சேருமா, இரவில் சேருமா? அந்தப் பட்டியல் பிறந்த ஊர்களில் இப்படி ஒரு கேள்வி எழவே வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. கடிகாரம் சொன்னால் சொன்னதுதான் என்று ஆறுக்கே ஏற்றிவிடுகிற வீடு உண்டு. சூரியன்தான் கணக்கு, முள் கணக்கில்லை என்று காத்திருக்கிற வீடு உண்டு. இரவுச் சாப்பாட்டு வேளையையே விளக்கு வேளையாக்கிக்கொண்ட வீடும் உண்டு. எந்தத் தீர்ப்பானாலும் இரண்டு கோடைக்குள் அது அந்த வீட்டின் சட்டமாகிவிடும். பேரப்பிள்ளைகள் அதை வேறு வீட்டுப் பிள்ளைகளிடம் "எங்க வீட்ல இப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த "எங்க வீட்ல இப்படித்தான்" பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு குடும்பத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிற கோடைக்காலக் கிறுக்குகள், வெளியே சொன்னால் யாருக்கும் புரியாத சொற்கள், காரணம் மறந்துபோன பிடிவாதங்கள், இவற்றையெல்லாம் குடும்பத்தின் அலங்காரமாக நினைத்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். என் எண்ணம் வேறு. கடல் கடந்து வந்த வீட்டில் மொழியும் உறவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிற தலைவாசலே இதுதான் என்கிறேன். வகுப்பும் விழாவும் பக்கவாசல்கள். இந்தத் தலைவாசல் திறந்திருக்க மூன்று வேண்டும்: வேலையற்ற நேரம், ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, எதையும் கற்றுக்கொடுக்கும் நோக்கம் இல்லாத பேச்சு. ஆக்லாந்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவது ஒரே ஒரு பருவத்தில்தான். டிசம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பள்ளி மூடினால் திறக்க ஜனவரி முடியப் போகும். டிசம்பர் 25, 26, ஜனவரி 1, 2 என்று நான்கு நாள் பொது விடுமுறை. அவற்றுக்கு நடுவே பல அலுவலகங்கள் மொத்தமாகப் பூட்டிவிடும். ஊர் குளிருக்கும் இந்த ஊர் கோடைக்கும் ஏற்ற மாதிரி பெரியவர்கள் விமானம் ஏறி வருவதும் அப்போதுதான்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். கிறுக்குகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. சென்னையில் வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது ஏறத்தாழ ஐந்து நாற்பதுக்கும் ஆறு நாற்பதுக்கும் இடையில். ஆக்லாந்தில் ஜூனில் ஐந்து பத்துக்கே மறைந்துவிடும், ஜனவரியில் எட்டு நாற்பதைத் தாண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதும் இதில் சேர்த்தி. ராகுகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலை எட்டாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு அது. காலண்டரில் அச்சிட்டிருப்பது ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற சூரியனுக்கான கணக்கு: திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை. டிசம்பர் கடைசியில் ஆக்லாந்தின் பகல் 14 மணி 40 நிமிடம். அதில் எட்டில் ஒரு பங்கு 110 நிமிடம். அந்தக் கணக்கில் திங்கட்கிழமை ராகுகாலம் 7.50 வாக்கில் தொடங்கி 9.40 வரை நீளும். சென்னைக் காலண்டரைக் கிழிக்கிற தாத்தா ஒன்பதுக்குக் கிளம்பலாம் என்பார். கைப்பேசியில் உள்ளூர்ச் சூரியோதயம் பார்க்கிற மருமகள் இன்னும் நாற்பது நிமிடம் பொறுக்கச் சொல்வாள். பொங்கலும் இப்படித்தான். தை முதல் நாள் தொடங்கும் உத்தராயணம் சூரியனின் வடதிசைப் பயணம். ஆக்லாந்திலிருந்து பார்த்தால் அது நம்மை விட்டு விலகிப் போகிற சூரியன். பகல் நீளப்போகிறது என்று ஊரில் பொங்கும் பால், இங்கே சுருங்கத் தொடங்கிவிட்ட பகலில் பொங்குகிறது. நண்பகலில் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும், அதை நோக்கி நின்றால் வலமிருந்து இடமாக நகரும். நிலாவில் வடை சுடுகிற பாட்டிகூட இங்கே தலைகீழாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இதை வெறும் வேடிக்கைத் தகவலாகச் சொல்லவில்லை. ஊரில் ஒரு பேரன் தாத்தாவிடம் கேட்கிற கேள்விகளுக்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கும். விடையைச் சொல்கிறவர் ஒருவர், கேட்டுக்கொள்கிறவர் ஒருவர். இங்கே வானம் புரண்டு கிடப்பதால் தாத்தாவிடமும் முழு விடை இல்லை. பேரனுக்குத் தெரிந்த சூரியன் தாத்தாவுக்குத் தெரியாது, தாத்தாவுக்குத் தெரிந்த தையும் மார்கழியும் பேரனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி வைத்திருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் பேச்சு உண்மையான பேச்சாகிறது. ஒரு பிள்ளை தன் பங்குக்குத் தமிழில் வாதாடி, விளக்கி, தாத்தாவை மடக்க வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகம் எவ்வளவு முயன்றாலும் இந்தத் தேவையைச் செயற்கையாக உண்டாக்க முடியாது.

இடமும் இதற்கு இசைவாக இருக்க வேண்டும். சான்ட்ரிங்ஹாம் அந்த வகையில் கொடுத்துவைத்த பேட்டை. வடக்கே ஈடன் பார்க் மைதானம், மேற்கே மாவோரிகள் ஓவைராக்கா என்றழைக்கும் மவுண்ட் ஆல்பர்ட் எரிமலைக் குன்று, நடுவில் இந்தியக் கடைகளும் உணவகங்களும் வரிசை கட்டிய சான்ட்ரிங்ஹாம் சாலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சதுப்பு நிலம். பிறகு ஈடன்டேல் என்று பெயர், அதற்குப் பிறகு இங்கிலாந்து அரச குடும்பத்தின் நார்ஃபோக் மாளிகையின் பெயர். பழைய பெயரை ஈடன்டேல் பள்ளி இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. ஆக்லாந்து கார் இல்லாமல் அசைய முடியாத ஊர். கார் ஓட்டாத பெரியவர்களுக்குப் பல புறநகர்கள் அழகான சிறை. இங்கே ஒரு பாட்டி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கொத்தமல்லி வாங்க நடந்தே போய்வரலாம். துவரம் பருப்பும் புழுங்கலரிசியும், பிஜியிலிருந்து வரும் மரவள்ளியும் சேம்பும் ஒரே நடையில் கிடைக்கும். அந்தப் பதினைந்து நிமிட நடையில் என்ன பேசுவார்கள்? நாயைப் பற்றி, வேலிக்கு மேலே தலைநீட்டும் எலுமிச்சையைப் பற்றி, யார் வீட்டுச் செருப்பு வாசலில் கிடக்கிறது என்பதைப் பற்றி. பேச்சின் மதிப்பு அதன் பொருளில் இல்லை, நீளத்தில் இருக்கிறது.

இப்போது வடாம். கோடை என்றால் வடாம் பிழிய வேண்டும் என்பது பாட்டிகளின் கடிகாரத்தில் பதிந்த விஷயம். ஊரில் அது சித்திரை, வைகாசி, அக்னி நட்சத்திர நாள்கள். இங்கே அந்த மாதங்களில் ஹீட்டர் போட்டு உட்கார வேண்டும் என்பதால் வடாம் ஜனவரிக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் ஆக்லாந்து வெயில் ஒரு விசித்திர வெயில். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரிதான். சென்னையிலிருந்து வந்தவர்கள் ஸ்வெட்டர் தேடுவார்கள். புற ஊதாக் குறியீடோ 12ஐத் தொடும், தாண்டும். நியூசிலாந்தின் கோடை உச்சத்தில் புற ஊதாக் கதிர் அதே அளவு அட்சரேகையுள்ள வடகோள இடங்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். ஓசோன் மெலிவு, தூசு குறைந்த காற்று, ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது எல்லாம் சேர்ந்த விளைவு. (நம் தோலுக்கு இந்த வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்யும். தொப்பி போடுங்கள், கிரீம் தடவுங்கள்.) ஆனால் வடாமைக் காயவைப்பது புற ஊதாக் கதிர் இல்லை. சூடான, ஈரமற்ற, நகர்ந்துகொண்டே இருக்கும் காற்றுதான் மாவிலிருந்து தண்ணீரை இழுக்கும். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஆக்லாந்தில் காற்றே ஈரம். ஆகவே முதுகைச் சுட்டெரிக்கிற வெயிலில் வடாம் இரண்டு நாள் ஆகியும் நடுவில் பிசுபிசுத்துக் கிடக்கும். மூன்றாம் நாள் சொல்லாமல் ஒரு தூறல் வரும், வீடே ஓடி டெக்கிலிருந்து தட்டுகளை உள்ளே தூக்கும்.

பிறகு பறவை. ஊரில் காக்கை விரட்டக் குழந்தையைக் காவல் வைப்பார்கள். இங்கே குருவியும் மைனாவும். அந்த மைனா நம்ம ஊர் மைனாவேதான், நாகணவாய். 1870களில் நியூசிலாந்துக்குக் கொண்டுவந்து விடப்பட்ட இனம், இப்போது வடதீவின் வடபாதி முழுக்க அதன் ராஜ்ஜியம். நூற்றைம்பது வருஷம் முன்னால் வந்திறங்கிய நாகணவாயிடமிருந்து நேற்றுப் பிழிந்த வடாமைக் காப்பாற்றுவதற்கு ஒரு வீடு என்னென்ன உத்திகள் கண்டுபிடிக்கும் என்று பாருங்கள்: பழைய டிவிடித் தட்டு, பிள்ளையின் கிரிக்கெட் வலை, குடை, காரின் பின்கண்ணாடி. கண்ணாடி வழியே சூடேறும் காரின் உள்பக்கம் உண்மையிலேயே நல்ல உலர்த்தும் பெட்டி. ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்து ஈரம் வெளியேற வழி விட்டால் போதும். ஜனவரியில் ஒரு கார் முழுக்கப் பெருங்காயமும் பச்சை மிளகாயும் மணந்தால் அந்தக் காருக்கு வீட்டில் ஒரு பெயர் விழும். அந்தப் பெயர் கார் விற்றபிறகும் நிற்கும்.

இந்த மூன்று நாள் அமளியில் ஒரு பிள்ளையின் காதில் விழுகிற சொற்களைக் கணக்கெடுங்கள். ஈரம் போயிற்று என்பதற்கு எத்தனை நிலை: வாடியது, வதங்கியது, உலர்ந்தது, காய்ந்தது, சுண்டியது, மொறமொறத்தது. அவற்றுக்கெல்லாம் மேலே "பதம்" என்ற ஒரு சொல். கூழ் கிண்டும்போது ஒரு பதம், பிழியும்போது ஒரு பதம், எடுத்து டப்பாவில் போட ஒரு பதம். பதம் என்றால் என்ன என்று அகராதி சொல்லும் விளக்கத்தைப் படித்து ஒரு பிள்ளைக்குப் பதம் புரியாது. விரலால் தொட்டுப் பார்த்து, "இல்ல கண்ணா, இன்னும் அரை நாள்" என்ற தீர்ப்பைக் கேட்டுத்தான் புரியும். இன்னொன்று இன்னும் நுட்பமானது. "போங்க தாத்தா, நீங்க சும்மா சொல்றீங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, கேலியையும் மரியாதையையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறது. பெரியவரை எதுவரை சீண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும், "ங்க" எங்கே விழ வேண்டும் என்கிற அந்த அளவு, தமிழ் பேசுவதன் உயிர்நிலை. யாழ்ப்பாணத்து அம்மம்மாவிடம் அது ஒரு விதமாக வரும், திருநெல்வேலி ஆச்சியிடம் வேறு விதமாக. சேர்ந்து சிரித்த வீட்டில் தவிர இது வேறெங்கும் கிடைப்பதில்லை.

வீட்டுக்குள் மட்டும் வழங்கும் சொற்களின் வலிமையை உலகுக்குச் சொன்ன புத்தகம் என்றால் இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் 1963ல் வெளியிட்ட குடும்பச் சொற்களின் நினைவேடு நினைவுக்கு வருகிறது. தூரினில் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பாவின் வசவுகள், அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள், அண்ணன்மாரின் கேலிகள், இவைதான் அதன் சாரம். அப்பா யூதர், குடும்பமே ஃபாசிஸ எதிர்ப்புக் குடும்பம். எழுத்தாளரின் கணவர் 1944ல் ரோமாபுரிச் சிறையில் சித்திரவதைக்குப் பின் இறந்தார். உடன்பிறப்புகள் திசைக்கொருவராய்ச் சிதறினார்கள். அப்படியும் பழைய சொல் ஒன்று போதும், மறுபடி ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள என்பதுதான் அவர் காட்டுவது. நம்மிடம் கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே அகராதி தொகுத்தார். ஒரு வட்டாரத்துக்கு அகராதி இருக்கலாம் என்றால் ஒரு வீட்டுக்கும் ஒன்று உண்டு, அச்சில் ஏறாதது. பிள்ளை இரண்டு வயதில் தப்பாகச் சொன்ன சொல்லை மொத்த வீடும் இருபது வருஷம் விடாமல் சொல்வது அந்த அகராதியின் முதல் பக்கம்.

எதிர்க்கேள்விகள் இருக்கின்றன, நியாயமானவைதான். முதலாவது: மொழியைக் காப்பாற்ற வகுப்பு வேண்டும், எழுத்து வேண்டும், தேர்வு வேண்டும். வடாமும் சிரிப்பும் ஒரு மொழியைக் காப்பாற்றியதாக எங்கே சான்று? சான்று பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது, ஆனால் மனம் கனக்கிற சான்று. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் 1903 முதல் சென்னை வழியாகப் போன தென்னிந்தியர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். 1926ல் சாது குப்புசாமி முன்னின்று நாடியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் பள்ளிகள் நடத்தியது, தமிழும் தெலுங்கும் கற்பிக்கப் பாடுபட்டது. அந்த உழைப்பு வணக்கத்துக்குரியது. மாரியம்மன் கோயிலும் தீமிதியும் நின்றன. வீட்டுப் பேச்சு மட்டும் பிஜி ஹிந்தி மொழியாக மாறிவிட்டது. காரணங்கள் பல. தோட்ட லைன்களில் எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள், பெரும்பான்மையின் மொழி பொதுமொழியானது. ஆனால் ஒரு காரணத்தைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் உழைக்கும் வயதினர். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது ஒப்பந்த முறையின் விதி. கிழவனையும் கிழவியையும் எந்த ஏஜென்டும் கூலிக்குப் பதிவு செய்யவில்லை. முதல் தலைமுறைக் குழந்தைகள் பாட்டி இல்லாமல் வளர்ந்தார்கள், பெற்றோரோ விடியும் முன் கரும்புக் காட்டில். வேலையற்ற நேரமும் இல்லை, மூன்றாம் தலைமுறையும் இல்லை. பள்ளி வந்தபோது, பள்ளியில் கற்றதை வீட்டில் சிரிப்பாக்க ஆளில்லை.

மறுபக்கச் சான்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1970களில் நடந்த ஆய்வுகள் மாவோரி மொழி பேசும் பிள்ளைகள் அற்றுப்போய்க்கொண்டிருப்பதைக் காட்டின. அப்போது மாவோரிகள் எடுத்த வழி, பாட்டி தாத்தாக்களை அழைத்துக் குழந்தைகளுக்கு நடுவே உட்காரவைப்பது. 1982ல் வெலிங்டனுக்கு அருகே வைனுயியோமாட்டாவில் முதல் கோஹங்கா ரேயோ, அதாவது மொழிக்கூடு, திறந்தது. சில வருஷங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987ல் மாவோரி மொழி சட்டப்படி ஆட்சிமொழியானது. கோஹங்காவும் ஒரு நிறுவனம்தானே, வகுப்புதானே என்று கேட்கலாம். வீட்டைப் போல இருக்கவேண்டும் என்பதற்காகவே உண்டாக்கிய நிறுவனம் அது. சோறூட்டுவது, தூங்கவைப்பது, கதை சொல்வது, அதட்டுவது எல்லாம் அந்த மொழியில். ஃபானாவ் எனும் விரிந்த குடும்பம்தான் அதன் நிர்வாகம். பாட்டிகளைப் பறிகொடுத்த ஒரு சமூகம் எப்படி இழந்தது, பாட்டிகளைத் திரும்ப நடுவில் வைத்த ஒரு சமூகம் எப்படி மீட்கத் தொடங்கியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் அதற்குள்ளேயே இருக்கிறது.

வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. எழுத்தறிவு அவர்களால்தான் வருகிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு. வாரம் இரண்டு மணி, வருஷம் நாற்பது வாரம் என்றாலும் 80 மணி நேரம். ஆறு வாரக் கோடையில் தினம் நான்கு மணி நேரம் பெரியவர்களோடு பிள்ளைகள் வெறுமனே கிடந்தால் 168 மணி நேரம். அந்த ஆறு வாரத்தையும் நீச்சல் முகாம், கோடிங் முகாம், கணக்கு முகாம் என்று பத்து மணி முதல் நாலு மணி வரை நிரப்பிவிட்டு, பிள்ளை தமிழ் பேசமாட்டேன் என்கிறது என்று பிப்ரவரியில் வருந்துவது எனக்குத் தாங்கமுடியாத சோகமாகப் படுகிறது. சலிப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய செல்வம். "போர் அடிக்குது பாட்டி" என்ற வாக்கியத்துக்குப் பிறகுதான் பல்லாங்குழி வெளியே வரும்.

இரண்டாவது எதிர்க்கேள்வி: இது ஊர் ஏக்கம், பிள்ளைகளை இந்த மண்ணிலிருந்து பிரிக்கிற வேலை. கடற்கரைக்குப் போகட்டுமே! போகட்டும், தாராளமாக, வடாமைப் போலவே கடற்கரையும் வீட்டுக்கிறுக்காகட்டும். சான்ட்ரிங்ஹாமிலிருந்து பக்கத்தில் இருக்கும் பாயின்ட் செவாலியர் கடற்கரையில் நீந்தத் தண்ணீர் இருப்பது ஓதம் ஏறிய நேரத்தில்தான், இறங்கினால் சேறு. அதனால் அலைநேரம் பார்த்து மூட்டை கட்டும் வழக்கம் எல்லாத் தெருவிலும் உண்டு. புளியோதரைக்கும் ஓதத்துக்கும் நேரம் பொருத்துவதைக்காட்டிலும் இந்த மண்ணில் ஊன்றிய தமிழ் வேறென்ன இருக்க முடியும்? பொஹுட்டுகாவா மரம் பூத்துச் சிவந்தால் கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்று பாட்டியே சொல்ல ஆரம்பிப்பாள். மாம்பழம்கூட இடம் மாறியிருக்கிறது. 2004 முதல் கதிர்வீச்சுச் சுத்திகரிப்போடு வரும் ஆஸ்திரேலிய மாம்பழம்தான் இங்கே கோடைப் பழம், இந்தியப் பழம் வருவதென்றால் குளிரில் வரும். கொட்டை யாருக்கு என்கிற சண்டை மட்டும் எந்தப் பழத்துக்கும் பொது.

மூன்றாவது, வீட்டுச் சிரிப்பு வெளியாளைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் என்பது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வேறு இனத்திலிருந்து வந்த மருமகன், தமிழ் தெரியாத பள்ளித்தோழி, இவர்கள் நடுவில் எல்லோரும் சிரிக்க அவர்கள் மட்டும் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. ஆனால் கிறுக்குகளுக்கு இலக்கணம் இல்லை, சேர்ந்து செய்தால் போதும். வடாம் தட்டைத் தூக்கிக்கொண்டு மழைக்கு முன்னால் ஓட மொழி வேண்டியதில்லை. ஒரு தடவை ஓடியவர் அடுத்த வருஷம் அந்தக் கதையில் ஒரு பாத்திரம். விளக்கிச் சொல்லும் பொறுமை வீட்டாருக்கு இருந்தால் சரி.

நான்காவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. இந்த இனிமையெல்லாம் யார் முதுகில் ஏறி வருகிறது? விடியற்காலை எழுந்து கூழ் கிண்டுவது யார்? அறுபத்தைந்து வயதில் பதினெட்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவரை ஆறு மாதம் அடுப்படியிலும் குழந்தைக் காவலிலும் நிறுத்திவிட்டு, அதைப் பாசம் என்று பெயரிட்டால் அது பாசமாகுமா? ஆகாது. நான் சொல்கிற மூன்று நிபந்தனைகளில் முதலாவது வேலையற்ற நேரம், அது பாட்டிக்கும் பொருந்தும். வடாம் பிழியும் வேலை பாட்டியும் மகளும் மட்டும் செய்கிற வீட்டில் மிஞ்சுவது முதுகுவலிதான். அச்சை அழுத்துவது பேரன், கூழ் கிண்டுவது அப்பா, பதம் சொல்வது மட்டும் பாட்டி என்று இருந்தால்தான் அது விளையாட்டு. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு மட்டும் சொல்லட்டும்.

கடைசியாக, பெரியவர்கள் இங்கே இல்லாத, வரமுடியாத வீடுகள். கொரோனா காரணமாக 2020 மார்ச் 19 நள்ளிரவை ஒட்டி நியூசிலாந்து எல்லையை மூடியது. ஊரிலிருந்து வருகிற பார்வையாளர்களுக்கு மறுபடி திறந்தது 2022 ஜூலை முடிவில். நடுவில் இரண்டு கோடைகள். கடற்கரை இருந்தது, வெயில் இருந்தது, தெருவில் கடைகளும் இருந்தன. பாட்டி மட்டும் திரையில். பெற்றோரைக் குடியேற்றும் விசாப் பிரிவும் 2016ல் நிறுத்தப்பட்டு, 2022ல்தான் மறுபடி உயிர்பெற்றது. பெற்றோர், தாத்தா பாட்டிக்கான பார்வையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம், மூன்று வருஷத்தில் மொத்தம் 18 மாதம் என்று வரம்பு. 2025 செப்டம்பர் கடைசியில் ஐந்து வருஷம் வரை தங்க வழிசெய்யும் பேரன்ட் பூஸ்ட் விசா வந்திருக்கிறது, வருமான வரம்பும் மருத்துவக் காப்பீடும் நிபந்தனை. இதையெல்லாம் பொருளாதாரக் கணக்காகவே விவாதிக்கிறார்கள். மருத்துவச் செலவு எவ்வளவு, குழந்தைக் காவலில் மிச்சம் எவ்வளவு. ஒரு மொழி பிழைக்கிறதா என்பதும் அந்த விசாவில்தான் இருக்கிறது என்பதை நாமாவது சொல்ல வேண்டும். வரவே வழியில்லாத வீடுகளுக்கு இந்தத் தெருவே ஒரு வழி. பக்கத்து வீட்டு அம்மம்மாவைக் கடன் வாங்கலாம். ஈழத்து அம்மம்மாவிடம் வளரும் மதுரைப் பிள்ளை "கதைக்க"க் கற்றுக்கொண்டால் வீட்டு அகராதி ஒரு பக்கம் கூடும்.

ஒரு பொருள் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று தமிழில் பொறித்த வெண்கல மணியின் மேல்பகுதி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வாங்கரை அருகே பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அடுக்களைக்குப் பயன்பட்டதால்தான் அந்தத் தமிழ் எழுத்து காட்டில் புதையாமல் நம் கைக்கு வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு இருக்கும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஆசையோடு திறக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அந்த மணியின் கதை நன்றாகவே புரியும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குக் கடிகாரம் இரண்டுக்குத் திரும்பும். அன்று சான்ட்ரிங்ஹாமில் சூரியன் மறைவது ஆறு பத்தை ஒட்டி, சென்னையில் ஆறு இருபதை ஒட்டி. வடாம் டப்பாவுக்குள் போயிருக்கும், பல பாட்டிகளின் பயணச்சீட்டும் அந்த வாரத்துக்குத்தான் போட்டிருக்கும். அன்றைக்கு மட்டும் விளக்கு வைக்கும் நேரம் பற்றி எந்த வீட்டிலும் வழக்கு இருக்காது.